'டக் டக்' சத்தம் மட்டும் வருகிறதா? டெர்மினலைப் பாருங்கள்

வண்டிச் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' மட்டும் கேட்கிறதென்றால் உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். பேட்டரியில் கேபிள் மாட்டும் முனையான டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டருக்குப் போதுமான கரண்ட் போகாது.

கையுறை போட்டுக்கொண்டு முதலில் மைனஸைக் கழற்றுங்கள், அப்புறம் பிளஸ். மாற்றிச் செய்தால், ஸ்பேனர் பாடியில் பட்டாலே தீப்பொறி பறக்கும். ஒரு கப் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு உப்பு கரையும். பேட்டரி மூடிக்குள் மட்டும் போய்விடக்கூடாது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடையுங்கள். கேபிள் நுனியில் டெர்மினலைப் பிடிக்கும் கிளாம்பின் உள்பக்கத்தை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்க்க வேண்டும், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பிளஸ்ஸை முதலில் மாட்டி, இரண்டையும் இறுக்கியபின் வாஸ்லின் தடவுங்கள்.

சில மணி நேரம் நின்ற வண்டியின் பேட்டரியை மீட்டரில் அளந்தால் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள்.