மழை ராத்திரியில் வியர்த்த ஆத்தங்குடித் தரை

காரைக்குடியில் விடுதியாக மாற்றிய பழைய வீடு. வெளிக்காற்றைத் தனியாகக் குளிர்வித்து, ஈரம் வடித்து அறைகளுக்கு அனுப்பும் அமைப்பை நான்தான் வடிவமைத்தேன். ஐப்பசி மழை பிடித்ததும், விடிந்தால் ஆத்தங்குடிக் கல் தரை முழுக்க நீர் பூத்திருக்கும்.

தரைக்கடியிலிருந்து ஏறும் ஈரம் என்றார் கொத்தனார். ஒரு கல்மேல் பாலிதீன் தாளை ஒட்டிவைத்தோம். காலையில் நீர் தாளின் மேலேதான் நின்றது. அடியில் காய்ந்த கல். அப்புறம் ஏசியை 21க்கு இறக்கினோம். கல் இன்னும் குளிர்ந்து, இன்னும் வியர்த்தது. நான்கு நாள் போயிற்று.

பகல் வெயிலில் மட்டும் தொல்லையே இல்லை, அதுதான் உறுத்தியது. ராத்திரி 2 மணிக்கு மாடியேறி அந்த அமைப்பைப் பார்த்தேன். வெளியே 24 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம். விசிறி ஓடுகிறது, காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளான காயிலுக்கு நீர் விடும் குளிர்நீர் வால்வு மூடிக்கிடக்கிறது! வால்வு வெப்பநிலையை மட்டும் பார்த்து இயங்கும்படி அமைத்திருந்தோம். பகல் வெயிலில் திறந்திருந்த அது, ராத்திரியில் 24 டிகிரிக் காற்றைக் குளிர்விக்கத் தேவையில்லை என்று மூடிக்கொண்டது. அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 23 டிகிரி. தரையோ அதைவிடக் குளிர்ச்சி.

காயிலுக்குப் பின்னால் ஈரப்பத சென்சார் வைத்து, பனிநிலை 12ஐத் தாண்டாதபடி வால்வு இயங்குமாறு மாற்றினேன். சரி, அறை விறைக்கக் கூடாதே என்று ஏசியை 25க்கு ஏற்றினோம். மூன்றாம் நாள் விடியலில் தரையைத் துடைத்த துணி காய்ந்தே வந்தது. அப்பாடா.