'ஸ்பில் த பீன்ஸ்': எங்கே பொருந்தும், எங்கே உதைக்கும்

மறைத்து வைத்த விஷயத்தைப் போட்டு உடைப்பதுதான் இந்த ஆங்கில மரபுத்தொடரின் பொருள். நம் 'உளறிக் கொட்டுவது' கிட்டத்தட்ட இதேதான். ஆனால் உளறல் தவறிப்போய் நடப்பது, இதுவோ வேண்டுமென்றே சொல்வதற்கும் பொருந்தும். கைதவறி வெளிவந்த ரகசியம் என்றால் 'லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்' (பூனையைப் பையிலிருந்து வெளியே விடுவது) இன்னும் கச்சிதம்.

அமைப்பை மாற்றக் கூடாது. 'த' விடக் கூடாது, 'பீன்ஸ்' எப்போதும் பன்மை. 'ஸ்பில் எ பீன்' என்றால் அவரைக்கொட்டை நிஜமாகவே கீழே விழுந்ததாகிவிடும்! யாரிடம் என்பதற்கு 'டு', எதைப் பற்றி என்பதற்கு 'அபவுட்': 'ஷீ ஸ்பில்டு த பீன்ஸ் டு ஹிம் அபவுட் த பார்ட்டி'. விருந்து பற்றி அவனிடம் சொல்லிவிட்டாள். இறந்தகாலத்தை அமெரிக்கர்கள் 'ஸ்பில்டு' என்பார்கள்; பிரிட்டிஷ் வழக்கில் 'ஸ்பில்ட்' என்பதும் உண்டு.

நண்பரைச் சீண்ட, 'கமான், ஸ்பில் த பீன்ஸ்!' அலுவலகக் கடிதத்தில் வேண்டாம், விளையாட்டுத்தனமாகத் தெரியும், அங்கே 'டிஸ்க்ளோஸ்'. ரகசியமே இல்லாத சாதாரணச் செய்திக்கும் இது ஒட்டாது.

பழங்கால கிரேக்கர்கள் அவரைவிதை போட்டு வாக்களித்ததிலிருந்து வந்தது என்ற கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. இந்தப் பொருளில் பரவியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில்.