ஓடும் இயந்திரத்துக்குள் கை: நெல் ஆலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் நெல் வந்து குவியும்போது, கிழக்கிலங்கையின் சம்மாந்துறை, அக்கரைப்பற்று, ஏறாவூர்ப் பக்கத்து ஆலைகள் பல இரவிரவாக ஓடுகின்றன. விரலும் கையும் போகும் விபத்துகளும் அந்த நாட்களில்தான் அதிகம் காதில் விழுகின்றன. நான் பார்த்தும் கேட்டும் அறிந்த விபத்துகளில் பெரும்பாலானவை இயந்திரம் பழுதானதால் நேர்ந்தவை அல்ல; அடைப்பை எடுப்பதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்குள் ஒருவர் கையை விட்டதால் நேர்ந்தவை.

ஈர நெல்லும் வைக்கோல் துண்டும் சேர்ந்து, நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடிவாயை அடைத்துவிடும். நிறுத்தினால் மீண்டும் ஓட்டுவதற்குக் கால் மணித்தியாலம் போய்விடும் என்பதால், "நிப்பாட்டாத தம்பி, ஒருக்காத் தட்டிவிடு" என்று சொல்லிவிடுகிறார்கள். உமி நீக்கும் இயந்திரத்தில் இது இன்னும் கொடியது. அதன் இரண்டு இறப்பர் உருளைகளும் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழன்று நெல்லை நடுவுக்குள் இழுப்பவை. விரல் நுனி பட்டால் அதையும் நெல்லைப் போலவே இழுத்துக்கொள்ளும்.

நிறுத்துவது என்றால் சுவிட்சை அணைப்பது மட்டும் என்று நினைப்பதும் தவறே. அணைத்த பிறகும் கனமான சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். அவை முற்றாக ஓய்வதை கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு மெயின் சுவிட்சை இறக்கி, ஆமைப்பூட்டுப் போட்டு, அதன் திறப்பை உள்ளே கை வைக்கப்போகிறவரே தம் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். வேறொருவரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு உள்ளே கை வைப்பது, உயிரை அவருடைய ஞாபகசக்தியிடம் ஒப்படைப்பதாகும்.

மின்வெட்டு நேரத்தில் நடக்கும் விபத்து என்னை எப்போதும் அதிகம் வருத்துகிறது. மின்சாரம் நின்றதும் இதுதான் நல்ல நேரம் என்று சல்லடையையும் சக்கரங்களைச் சுழற்றும் வாரையும் (பெல்ட்) துப்புரவு செய்யத் தொடங்குகிறார்கள். சுவிட்ச் போட்டபடியே இருக்க, மின்சாரம் திரும்பி வந்ததும், பழைய நெம்புகோல் சுவிட்சில் ஓடும் மோட்டார் யாருக்கும் சொல்லாமல் தானாகவே கிளம்பிவிடும். மின்சாரம் போனால் தானாக விடுபட்டு, பொத்தானை மீண்டும் அழுத்தும் வரை ஓடாத ஸ்டார்ட்டரைப் பொருத்தினால் இந்த ஆபத்துப் பெரிதும் குறையும்.

சாரம், தோளில் போடும் துவாய், தளர்ந்த சட்டைக் கை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றோடு சுழலும் தண்டுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. 5 சென்றிமீற்றர் விட்டமுள்ள தண்டு நிமிடத்துக்கு 600 முறை சுற்றுவதாக வைத்துக்கொண்டால், அது ஒரு செக்கனில் ஒன்றரை மீற்றருக்கு மேல் துணியைச் சுருட்டிவிடும். உதறிக்கொள்ளலாம் என்று நினைப்பதற்கே நேரம் இருக்காது. வாரை மூடும் தகரக் காப்பை எண்ணெய் விடுவதற்காகக் கழற்றி, மூலையில் சாத்திவிட்டு மறந்துபோவதும் இதே வகைத் தவறுதான்.

விபத்து நடந்த பின் பதற்றத்தில் செய்யப்படும் தவறுகள், மிஞ்சியதையும் கெடுத்துவிடுகின்றன. சிக்கிய கையை இழுக்கவோ, இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டவோ கூடாது. மின்சாரத்தைத் துண்டித்து, உருளைகளின் இடைவெளியைத் தளர்த்திய பின்பே கையை விடுவிக்க வேண்டும். காயத்தில் கோப்பித் தூளோ மஞ்சளோ வைக்காமல், சுத்தமான துணியை மடித்து வைத்து, கையை உயர்த்திப் பிடித்து, விடாமல் அழுத்த வேண்டும். அழுத்தியும் இரத்தம் பீறிட்டால் மட்டும், காயத்துக்கு மேலே மூட்டில்லாத இடத்தில் அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் தேநீரோ சோடாவோ கொடுக்கக் கூடாது.

துண்டான விரலை நேரடியாக ஐஸ் கட்டிகளுக்குள் போட்டு ஒருவர் எடுத்துச் சென்றதை நான் நேரில் கண்டேன். அன்போடு செய்ததுதான், ஆனால் உறைந்தால் இரத்தக் குழாய்கள் சிதைந்துவிடும். விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்துக்குள் வைக்க வேண்டும். இவ்வாறு பேணினால் விரல் பல மணித்தியாலங்கள் தாங்கும். தசை மிகுந்த முன்கை குளிர்விக்கப்படாவிட்டால் ஏறக்குறைய 6 மணித்தியாலத்துக்குள் பயனற்றுப்போகும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் உட்கிராமங்களிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போவதற்கே நேரம் பிடிக்கும் என்பதால், வாகனம் தேடி அலையாமல் உடனே 1990 இலக்கத்தை அழைத்து இலவச அம்பியூலன்ஸை வரவழைப்பது நல்லது. மீண்டும் பொருத்த முடியுமா என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர் தீர்மானிக்கட்டும். சிதைந்துவிட்டது என்று நாமே முடிவுசெய்து எறிந்துவிடக் கூடாது.

விபத்தை மறைப்பதும் பெருந்தவறு. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பிட வேண்டும் என்கிறது. வேலையாட்களுக்கான நட்டஈட்டுச் சட்டம் 1934 முதலே இருக்கிறது. ஆகவே, வைத்தியசாலையில் "வீட்டில் வெட்டுப்பட்டது" என்று சொல்லாமல், வேலையின்போது எந்த இயந்திரத்தில் எத்தனை மணிக்கு நடந்தது என்பதைப் பதியச் சொல்லுங்கள். முதலாளி நல்ல மனத்தோடு கொடுக்கும் செலவுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்காக, எதுவும் எழுதப்படாத வெற்றுத் தாளில் கையெழுத்திட வேண்டாம். வைத்திய அறிக்கையின் பிரதியை எடுத்துக்கொண்டு, தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குச் சென்று நட்டஈடு கோரும் வழியைக் கேட்டறியுங்கள்.