வெள்ளம் வடிந்தபின் கிணற்றை எப்படித் துப்புரவாக்குவது

வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்குள் கிடக்கும் சேற்றைக் கழுவுங்கள். பாயையும் தலையணையையும் வெயிலில் போடுங்கள். கிணற்றில் மட்டும் உடனே கை வைக்காதீர்கள்.

கிணறு கட்டுவதும் இறைப்பதும் என் தொழில், அப்பாவோடு கூடப் போய்ப் பழகியது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, களுவாஞ்சிகுடிப் பக்கம் எழுவான்கரை மணலிலும், வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரையில் வெல்லாவெளி, பட்டிப்பளைப் பக்கத்துக் களிமண்ணிலும் வேலை செய்கிறேன். ஒவ்வொரு மாரியிலும் வெள்ளம் போன மறுநாளே ஆட்கள் கூப்பிடுகிறார்கள். அழுக்குத் தண்ணீரால் வயிற்றோட்டம் வந்தால் மருந்து இருக்கிறது. இடிகிற கிணற்றுக்குள் அகப்பட்டவனுக்கு நேரமே இருக்காது. அதனால்தான் கிணற்று வேலையை முறைப்படி செய்யச் சொல்கிறேன்.

முதலில் ஏன் பொறுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். வெள்ள நேரத்தில் நிலம் முழுக்கத் தண்ணீர் ஊறி நிற்கும். கிணற்றுக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருக்கும் வரை சீமெந்து வளையம் அசையாது. உள்ளே உள்ளதை மோட்டர் போட்டு ஒரேயடியாக இழுத்தால், வெளியே உள்ள ஈர மண் வளையத்தை உள்பக்கம் தள்ளும். மணல் பாங்கான இடத்தில் அடியிலிருந்தும் மணல் கொதிக்கிற சோறு போல மேலே எழும்பும். வளையங்கள் இணைப்பு விட்டு விலகும், கிணற்றைச் சுற்றியுள்ள தளம் கீழே உட்காரும். நல்ல கிணறுகள் இப்படித்தான் போயிருக்கின்றன.

"என்ன மனே, கிணறு முழுக்கச் சேறாக் கிடக்கு, இத வெச்சி என்னெண்டு சமைக்கிற?" என்று ஒரு மாமி போன மாரியில் என்னோடு கோபித்துக்கொண்டார். "மாமி, இப்ப இறைச்சா கிணறே இருக்காது. தண்ணி கீழ இறங்கட்டும், நானே வந்து செஞ்சி தாறன்" என்றுதான் சொன்னேன். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் பதில் மாறாது.

எவ்வளவு நாள் பொறுப்பது? நாட்களை எண்ண வேண்டாம், மட்டத்தைப் பாருங்கள். வளையத்தின் உள்பக்கம் தண்ணீர் நிற்கும் இடத்தில் கரியால் ஒரு கோடு போடுங்கள். தினமும் காலையில் எட்டிப் பாருங்கள். வழக்கமாக மாரி காலத்தில் நிற்கும் மட்டத்துக்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் அப்படியே நின்றால் வேலையைத் தொடங்கலாம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வாவி ஓரத்துக் கிணறுகளில் மட்டம் சீக்கிரம் இறங்கும். உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவு திறந்திருக்கும் நாட்களில் படுவான்கரையில் அதை எதிர்பார்க்க முடியாது.

அதுவரை குடிக்க, சமைக்க, பல் துலக்க, பிள்ளைக்குப் பால் கரைக்க அந்தக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். குழாய்த் தண்ணீர் அல்லது பவுசர் தண்ணீர் எடுங்கள். அதையும் கொதிக்க வைத்தே குடியுங்கள். தண்ணீர் சூடானது போதாது, குமிழி விட்டுத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் மடித்த துணியில் வடித்துவிட்டுக் கொதிக்க வையுங்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டம் தொடங்கினால் வயிற்றோட்டத்துக்கான ஜீவனித் தூளைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பொறுத்திருக்கும் நாட்களில் கிணற்றுக்கு வெளியே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. மலசலகூடக் குழி நிரம்பி வழிகிறதா, மூடி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் கிணற்றை இறைத்தால், காலியான கிணறு அந்தக் குழியின் ஊறலையே தன் பக்கம் இழுக்கும். அப்புறம் கிணற்றுத் தளத்திலுள்ள வெடிப்புகளையும், வளைய இணைப்புகளில் சாந்து விட்ட இடங்களையும் குறித்து வையுங்கள். கட்டின் இடுக்குகளில் பாம்பு ஒதுங்கியிருக்கும், கையை விடாமல் தடியால் தட்டிப் பாருங்கள். சேற்றில் வேலை செய்யும்போது பூட்ஸ் போடுங்கள், காலில் காயம் இருந்தால் மூடிக் கட்டுங்கள். எலிக்காய்ச்சல் அந்தச் சேற்றில்தான் வருகிறது. வேலைக்குப் பிறகு காய்ச்சலும் உடம்பு உளைவும் வந்தால், வெள்ளச் சேற்றில் நின்றதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய மின் மோட்டரை மின்சார வேலை தெரிந்த ஒருவர் திறந்து பார்க்காமல் போடாதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் வயரைத் தொட வேண்டும்.

இனி இறைக்கும் நாள். இதில் ஒன்றை மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. பெற்றோல், மண்ணெண்ணெய் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. பாதிக் கிணற்றில் பலகை கட்டி வைப்பதும் கூடாது. கிணற்றின் வாயோரத்தில் வைப்பதும் ஆபத்து. மோட்டர் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு கிணற்றுக்குள் தேங்கி நிற்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவருக்குத் தலை சுற்றும், கால் ஓயும், ஏணியில் கையைத் தூக்க முடியாமல் விழுந்துவிடுவார். மோட்டரை நிறுத்திய பிறகும் அது உள்ளே நிற்கும். மோட்டர் வெளியே தள்ளி, காற்று கிணற்றுப் பக்கமிருந்து மோட்டரை நோக்கி அடிக்கும்படி, புகை கிணற்றுப் பக்கம் வராத இடத்தில் இருக்க வேண்டும். குழாய் மட்டும் உள்ளே போகட்டும்.

அரிக்கன் லாம்பைக் கயிற்றில் இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அது நல்ல பழக்கம்தான். லாம்பு அணைந்தால் உள்ளே மூச்சுக்கான காற்று இல்லை, இறங்கவே கூடாது. ஆனால் லாம்பு எரிகிறது என்பதற்காக மோட்டர் புகை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். உயிரைப் பறிக்கிற அளவு புகையிலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இறங்குபவரின் நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டி, மேலே இரண்டு பேராவது பிடித்திருக்க வேண்டும். அடிக்கடி பேச்சுக் கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் கயிற்றை இழுங்கள். ஒருவர் உள்ளே விழுந்ததைப் பார்த்துத் தம்பியோ மச்சானோ பதறிப்போய் அவர் பின்னால் குதிப்பதால்தான் ஒரே கிணற்றில் இரண்டு மூன்று உயிர் போகிறது. கூடப் பிறந்தவனாக இருந்தாலும் குதிக்கக் கூடாது. 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள், கயிற்றால் மேலே எடுக்கப் பாருங்கள்.

தண்ணீரை மெதுவாக, விட்டு விட்டு இறைக்க வேண்டும். கொஞ்சம் இறக்கி, வளையம் அசைகிறதா என்று பார்த்து, அப்புறம் மறுபடி இறையுங்கள். மணல் நிலத்தில் அடி தெரிய வற்ற வைக்கவே வேண்டாம். முழங்கால் அளவு தண்ணீர் நிற்கட்டும். சேற்றையும் குப்பையையும் வாளியால் அள்ளி, கிணற்றிலிருந்து தள்ளிக் கொட்டுங்கள். நுளம்புக்காகக் கிணற்றில் மீன் விட்டிருந்தால் குளோரின் போடுமுன் அதைப் பிடித்து வெளியே எடுத்துவிடுங்கள். உள்சுவரைக் குளோரின் கரைத்த தண்ணீரால் தும்புத்தடி போட்டு மேலிருந்து கீழாக உரசிக் கழுவுங்கள். ஒரு மனிதர் உள்ளே நின்றுகொண்டு குளோரின் நெடியில் இதைச் செய்யக் கூடாது. மேலே நின்று நீண்ட தடியால் செய்யுங்கள்.

பிறகு ஊற்று ஊறித் தண்ணீர் தெளியும் வரை விடுங்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் வேலை செய்யாது, சேறே அதைத் தின்றுவிடும்.

குளோரின் அளவில்தான் எங்கும் குளறுபடி. "ஒரு கைபிடி போட்டோம்" என்பார்கள். கைபிடி அளவே அல்ல. கிணற்றின் உள்விட்டத்தில் பாதியை மீற்றரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 3.14 ஆல் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 1000 ஆல் பெருக்குங்கள். வருவது லீற்றர். 1.2 மீற்றர் விட்டமுள்ள, அதாவது நாலடிக் கிணற்றில் 2 மீற்றர் தண்ணீர் இருந்தால் 2260 லீற்றர் வரும். ஆழத்தைக் கல் கட்டிய கயிற்றால் அளக்கலாம்.

வெள்ளத்துக்குப் பிந்திய முதல் துப்புரவுக்கு, 33 வீதக் குளோரின் உள்ள வெளிற்றும் தூள் என்றால் 1000 லீற்றருக்கு 150 கிராம். மேலே சொன்ன கிணற்றுக்கு ஏறக்குறைய 340 கிராம் வரும். 65 முதல் 70 வீதம் உள்ள குருணை என்றால் அதில் பாதி போதும். எது எத்தனை வீதம் என்று பொதியில் பாருங்கள். பொதி இல்லாமல் கிடைத்தால், தந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். திறந்து கிடந்த பழைய தூளுக்கு வீரியம் போயிருக்கும், அதை நம்ப வேண்டாம்.

தூளை நேரே கிணற்றில் கொட்டாதீர்கள். பிளாஸ்ரிக் வாளியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளியை முக்கால்வாசி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. மேல் தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியைக் கட்டி இறக்கி மேலும் கீழுமாக இழுத்துக் கலக்குங்கள். திறந்த வெளியில், கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். கழிவறை கழுவும் அசிட்டை அதோடு சேர்த்துவிடாதீர்கள், வரும் நச்சு வாயு நெஞ்சை அடைத்துவிடும்.

ஒரு நாள் முழுக்க அப்படியே மூடி வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, அந்தத் தண்ணீரைத் தொட வேண்டாம் என்று சொல்லி வாளியையும் கயிற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். மறுநாள் கடும் நெடி போகும் வரை இறைத்து விடுங்கள். அந்தத் தண்ணீர் மீன் குளத்துக்கோ வாவிக்கோ போகாமல் வெறும் நிலத்தில் பாயட்டும்.

அதற்குப் பிறகு மாரி முடியும் வரை சிறிய அளவு போட்டு வரலாம். 33 வீதத் தூள் என்றால் 1000 லீற்றருக்கு 2.5 கிராம். நம் நாலடிக் கிணற்றுக்கு ஐந்தரை கிராம் அளவில் வரும். இவ்வளவு சிறியதை நிறுக்க வீட்டில் தராசு இருக்காது. கடையில் 50 கிராம் நிறுத்து வாங்கி, அது உங்கள் வீட்டுக் கரண்டியால் எத்தனை கரண்டி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், ஒரு கரண்டியின் நிறை தெரிந்துவிடும். அந்தக் கரண்டி இனிச் சமையலுக்கு வேண்டாம். மாலையில் போட்டால் காலையில் எடுக்கலாம். இலேசான குளோரின் மணம் இருக்கும், அது கெடுதல் அல்ல. இருந்தாலும் கைக்குழந்தை உள்ள வீட்டில் கொதிக்க வைப்பதை நிறுத்த வேண்டாம்.

குளோரின் கிருமியைத்தான் கொல்லும். வயலில் அடித்த களைநாசினி கிணற்றுக்குள் வந்திருந்தால் குளோரினாலும் பயனில்லை, கொதிக்க வைப்பதாலும் பயனில்லை. எண்ணெய்ப் படலமோ மருந்து மணமோ இருந்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லித் தண்ணீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள். உப்பும் அப்படித்தான். 2004 டிசம்பர் 26 கடல் பொங்கியபோது நம் கரையோரக் கிணறுகள் பல உப்பாகின. திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் கீழே கிடந்த உப்புத் தண்ணீர் மேலே ஏறியது. மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது, மேலே உள்ளதை அளவுக்கு மீறி எடுத்தால் கீழே உள்ளது வந்துவிடும். உப்பைக் கழுவி இறக்கியது அடுத்தடுத்த மாரி மழைதான். கடலோரத்தில் இருப்பவர்கள் வாய்க்கு உப்புத் தட்டினால் இன்னும் இறைக்காமல், இறைப்பதைக் குறையுங்கள்.

எல்லாம் முடிந்தபின் வெடிப்புகளைச் சீமெந்துச் சாந்தால் அடைத்து, தளம் வெளிப்பக்கம் சரியும்படி பூசுங்கள். குளோரின் தொடர்ந்து போடும் கிணற்றில் மீனைத் திரும்ப விட முடியாது, செத்துவிடும். அதனால் நுளம்புக்கு வலைதான் வழி. மரச்சட்டத்தில் நுளம்பு வலை அடித்து, அதன்மேல் பிள்ளையின் பாரம் தாங்கும் கம்பி வலையும் அடித்து, காற்றுக்குப் பறக்காதபடி கிணற்றுக் கட்டில் கொழுக்கி வைத்துப் பூட்டிவிடுங்கள்.