பழைய ஆர்15 வாங்கிய முதல் வாரத்தில் கவனிக்க வேண்டியவை

யமஹா ஆர்15 போன்ற ஸ்போர்ட்ஸ் பைக்கைப் பழையதாக வாங்கியவுடன், அதன் வேகத்தைச் சோதிக்கும் ஆவலை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். முதலில் டயரைப் பாருங்கள். அதன் பக்கவாட்டுக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். டயரின் மேற்பரப்பிலுள்ள பட்டன் தேயாதிருந்தாலும், வயதாகி ரப்பர் இறுகிப்போன டயர் ஈரச் சாலையின் வளைவில் பிடி கொடுக்காது என்பதால், அதை மாற்றும் செலவை வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. முந்தைய உரிமையாளர் என்ன சொல்லியிருந்தாலும், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பின்சக்கரத்தைச் சுற்றியபடி செயினைப் பல இடங்களில் அழுத்திப் பார்க்கும்போது, ஓரிடத்தில் இறுக்கமாகவும் இன்னோரிடத்தில் தளர்வாகவும் இருந்தால், செயின் ஓடும் பற்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட்டுகளோடு சேர்த்து அதை மாற்ற வேண்டும்.

குனிந்து ஓட்டுவதால் முதல் சில நாள்கள் மணிக்கட்டு வலிக்கலாம். உடல் எடையைக் கைப்பிடியில் சாய்க்காமல், முழங்கால்களால் டேங்கை அணைத்துப் பிடித்தால் அந்த வலி குறையும். இதற்கிடையில், 14 நாள்களுக்குள் காப்பீட்டையும் 30 நாள்களுக்குள் பதிவுச் சான்றிதழையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.