வேலூர்க்காரர் எடை குறைந்த ரிவால்வர் வாங்குவது எப்படி: உரிமம் முதல் உறை வரை

இடுப்பில் வைத்துக்கொள்ளத் தோதான எடை குறைந்த ரிவால்வர் ஒன்றை வாங்க நினைப்பவர் பெரும்பாலும் கடையிலிருந்தே யோசிக்கத் தொடங்குகிறார். எந்த மாடல், எத்தனை கிராம், என்ன விலை என்றெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் ஆட்சியர் அலுவலகத்தின் நினைவு வருகிறது. நம் நாட்டில் இந்த வரிசை செல்லாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் முதலில் உரிமத்தைக் கேட்கின்றன. அந்த உரிமத்தில் ஆயுதத்தின் வகையைக் குறித்து எழுதப்படும் ஒரு வரிதான், கடையில் நீங்கள் எதை வாங்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

எந்த ஆட்சியரிடம் போவது என்பதே இந்தப் பக்கத்தில் பலருக்கும் குழப்பம். பழைய வேலூர் மாவட்டம் 2019 நவம்பர் 28 அன்று மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கத்தார் ராணிப்பேட்டை ஆட்சியரிடமும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு ஆகிய ஊர்களில் குடியிருப்போருக்குத்தான் சத்துவாச்சாரியில் உள்ள வேலூர் ஆட்சியர் அலுவலகம். ஆதாரில் பழைய முகவரியும் ரேஷன் அட்டையில் புதிய முகவரியும் இருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். காவல் நிலைய விசாரணை முகவரியை வைத்துத்தான் தொடங்கும்.

உரிமம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் நீங்கள் சொல்லும் காரணத்தைப் பொறுத்தது. தொழிலின் தன்மையாலோ வேறு வகையிலோ உயிரையும் உடைமையையும் காக்க உண்மையான தேவை இருப்பவரின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கலாம் என்று விதி சொல்கிறது. ஆகவே, ‘தற்காப்புக்காக’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதிக் கொடுப்பது வீண் வேலை. நகைக்கடை வைத்திருப்பவர், எந்தெந்த நாட்களில் எந்த வழியாகத் தங்கத்தைக் கொண்டுவருகிறார் என்பதை எழுத வேண்டும். தோல் வியாபாரி, கூலிப் பணத்தை எப்படி எடுத்துச் செல்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும். வரிக் கணக்கு, வங்கி அறிக்கை ஆகியவற்றோடு, மிரட்டலோ வழிப்பறி முயற்சியோ நடந்திருந்தால் அதற்கான புகார் ரசீதையும் முதல் தகவல் அறிக்கையையும் இணைத்துக் கொடுத்தால்தான் சொல்லுக்குக் கனம் வரும். போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணமாக வைத்து உரிமத்தை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 14ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது என்பதையும் சிறு வியாபாரிகள் அறிந்திருப்பது நல்லது.

தேவைக்கும் ஆயுதத்துக்கும் பொருத்தம் இல்லாத விண்ணப்பங்களும் இங்கே உண்டு. பேரணாம்பட்டுக் காட்டோரத்தில் நிலக்கடலையைப் பன்றி தோண்டுகிறது என்பவருக்கு ரிவால்வரால் ஒரு பயனும் இல்லை. பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமம் தனி வகை. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து படையில் சேர்ந்து ஓய்வு பெற்றவர்கள் வங்கிக் காவல் வேலைக்காகத் துப்பாக்கி கேட்பார்கள். அந்த வேலைக்கு வேண்டியது நீளத் துப்பாக்கி. கைத்துப்பாக்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் மாற்றக் கேட்டு அலைவதைவிட, வேலை தரும் இடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மேல்.

விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஏ-1 படிவத்துடன் புகைப்படங்கள், பிறந்த தேதி, அடையாளம், முகவரி ஆகியவற்றுக்கான சான்றுகள், மனநலத்தையும் உடல்நலத்தையும் குறிப்பிட்டு மருத்துவர் தரும் எஸ்-3 சான்று, ஆயுதத்தைப் பத்திரமாக வைத்திருப்பேன் என்ற எஸ்-2 உறுதிமொழி ஆகியவை சேர வேண்டும். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்கான எஸ்-1 சான்றும் உண்டு. பலர் இதை வெறும் தாளாக நினைத்துக் கடைசியில் தேடுகிறார்கள். முதலில் அதை முடியுங்கள். கைத்துப்பாக்கி உங்களுக்கு ஒத்துவருமா என்பது பயிற்சியிலேயே தெரிந்துவிடும், வாங்கும் எண்ணத்தையே கைவிட்டாலும் நஷ்டம் இல்லை. பிறகு காவல்துறை அறிக்கைக்காக நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவார்கள், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், வருவாய்த் துறையும் தன் பங்குக்கு விசாரிக்கும். பீரோவுக்குள் தனிப் பூட்டுடன், சுவரோடு இறுக்கிய இரும்புப் பெட்டி ஒன்றை அதற்கு முன்பே தயாராக வைத்திருந்து காட்டினால் பேச்சு சுருங்கிவிடும். மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். 18ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்ய அந்தத் தாள் வேண்டும்.

உரிமம் கிடைத்ததும் அதை வரி வரியாகப் படிக்க வேண்டும். 9 மில்லிமீட்டர், பாயிண்ட் 38, பாயிண்ட் 45 போன்ற துளை அளவுகள் தடை செய்யப்பட்ட வகை என்பதால், சாதாரண உரிமக்காரருக்கு ரிவால்வர் என்றால் பெரும்பாலும் பாயிண்ட் 32 அல்லது பாயிண்ட் 22 தான். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பாயிண்ட் 32 ரிவால்வருக்கு உரியது ‘எஸ் அண்ட் டபிள்யூ லாங்’ என்னும் தோட்டா. பாயிண்ட் 32 பிஸ்டலுக்கு உரியது ‘ஏசிபி’ என்னும் வேறு தோட்டா. இரண்டும் ஒன்றல்ல, ஒன்றை மற்றொன்றில் போட்டுப் பார்க்கவும் கூடாது. உரிமத்தில் ‘ரிவால்வர்’ என்றும் துளை அளவும் தெளிவாக இருக்கின்றனவா, தோட்டாவுக்கு ஆண்டு வரம்பும் ஒரே நேரத்தில் வைத்திருக்கும் வரம்பும் எழுதப்பட்டிருக்கின்றனவா, எந்த எல்லைக்குள் செல்லும், எந்தத் தேதிக்குள் வாங்க வேண்டும் என்பவை இருக்கின்றனவா என்று பார்த்து, பிழை இருந்தால் வாங்குவதற்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு ஆயுதங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமத்தின் காலம் ஐந்து ஆண்டு.

இனி எடைக்கு வருவோம். 2014இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை வெளியிட்ட ‘நிர்பீக்’ பாயிண்ட் 32 ரிவால்வர், டைட்டானியம் கலவையால் ஆனது. ஏறக்குறைய 500 கிராம். வெளிவந்தபோது அதன் விலை 1,22,360 ரூபாய். பாயிண்ட் 22 துளையுள்ள ‘நிடர்’ அதிலும் பாதி, 250 கிராம்தான். அதே அரசுத் தொழிற்சாலைகளின் பழைய எஃகு பாயிண்ட் 32 ரிவால்வர் 700 கிராமை ஒட்டியிருக்கும். 2023இல் வந்த ‘பிரபல்’ என்பதும் ஏறக்குறைய அந்த எடைதான். ஆனால் தோட்டாக்கள் அமரும் அதன் உருளை (சிலிண்டர்) பக்கவாட்டில் திறக்கும், பழைய எஃகு ரிவால்வரைப் போல நடுவில் மடிக்க வேண்டியதில்லை.

எடை குறையக் குறைய நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. தோட்டா அதே தோட்டா. அது பின்னோக்கித் தள்ளும் விசையை வாங்கிக்கொள்ளத் துப்பாக்கியில் கனம் குறைவாக இருந்தால், மிச்சம் உங்கள் மணிக்கட்டில்தான் இறங்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் சுட்டுப் பழகப் போகிறவருக்கு 700 கிராம் எஃகு ரிவால்வரையே நான் சொல்வேன். நாள் முழுதும் இடுப்பில் வைத்துக்கொண்டு பைக்கில் அலைகிறவருக்கு 500 கிராமின் அருமை தெரியும். பாயிண்ட் 22 கையில் பூப்போல இருக்கும் என்றாலும், தற்காப்புக்கு அதன் வலு குறைவு. விளிம்பில் அடித்துப் பற்றவைக்கும் தோட்டா என்பதால் எப்போதாவது வெடிக்காமல் போவதும் அதில் கூடுதல்.

உரிமம் பெற்ற விற்பனையாளரின் மேசையில் ரிவால்வரைக் கையில் வாங்கியதும், காலியாக இருக்கிறதா என்று முதலில் நீங்களே திறந்து பாருங்கள். கடைக்காரர் இப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னாலும் பாருங்கள். திறந்த நிலையில் குழலின் பின்வாயில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து நோக்கினால் உள்ளே சுழன்றோடும் வரிகள் துருவில்லாமல் பளிச்சென்று தெரிய வேண்டும். மூடிய பின் தாழ்ப்பாள் இறுக்கமாக விழ வேண்டும், மடிப்பில் ஆட்டம் கூடாது. கடைக்காரரின் அனுமதியோடு, வெற்றுத் துப்பாக்கியில் தோட்டாவை அடிக்கும் சுத்தியலை மெல்லப் பின்னிழுத்து, உருளையின் அறைகளில் ஒவ்வொன்றும் குழலுக்கு நேரே வந்து அசையாமல் நிற்கிறதா என்று சோதியுங்கள். சுத்தியலை இழுக்காமல் விரல் விசையை (டிரிகரை) மட்டும் அழுத்தினால் எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். விரல் நடுங்கினால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு உரியது அல்ல.

பழைய வெளிநாட்டு ரிவால்வர்களின் மீது ஆசைப்படுபவர்கள், 1980களின் நடுப்பகுதியிலிருந்து பொதுமக்களுக்கான இறக்குமதி ஏறக்குறைய நின்றுவிட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதனால்தான் தேய்ந்துபோன ஒரு பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வருக்கும் வாய் கூசாமல் விலை சொல்கிறார்கள். தனியாரிடம் வாங்கினால், விற்பவர் ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். புதிதாக வாங்கினால் வரியையும் கணக்கில் சேருங்கள்: ரிவால்வருக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ரசீதிலும் உரிமத்திலும் எழுதப்படும் எண், துப்பாக்கியில் பொறித்த எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று கடையை விட்டு இறங்குவதற்கு முன் சரிபாருங்கள்.

பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுதும் மூடியபடிதான் இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டுவதே குற்றம். மே மாத வேலூர் வெயிலில் இடுப்போடு ஒட்டிய தோலுறை வியர்வையில் ஊறி, உள்ளிருக்கும் எஃகைத் துருவாக்கும். ஆகவே இரவில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவிப் பெட்டிக்குள் வையுங்கள். உறையைத் தனியே காற்றில் உலர விடுங்கள். வேட்டிக்கு மேல் கட்டும் சாதாரண பச்சை பெல்ட் இந்தக் கனத்தைத் தாங்காது, தடித்த தோல் வார் வேண்டும். பள்ளி, கல்லூரி வளாகம், பொதுக்கூட்டம், சாமி ஊர்வலம் ஆகியவற்றுக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்பது உரிம நிபந்தனை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போகிற அன்று துப்பாக்கி வீட்டில் இருக்கட்டும். கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ விற்பனையாளரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ஏப்ரலில் ரத்தாகி ஆகஸ்ட் 5ஆம் தேதி நடந்தது. அத்தகைய ஆண்டில் உங்கள் ஆயுதம் பல மாதங்கள் வெளியில் கிடக்கலாம். ஒப்படைக்கும்போது எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, தோட்டாக்களை எண்ணித் தனியாகக் கொடுங்கள். பெற்றுக்கொள்ளும் ரசீதில் துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, தேதி, முத்திரை ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.