சாங்ஷன் ஆர்டர் வந்தால் பணம் வந்ததாகாது: தொண்டு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய டிரஸ்ட்டுகளுக்குக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் வேலை. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக நடக்கும் ஒரு சிறப்புப் பள்ளியில் பார்த்தது இது. ஜூன் மாதம் அரசு மானியத்துக்கான சாங்ஷன் ஆர்டர், அதாவது ஒப்புதல் ஆணை, வந்தது. பள்ளியை நடத்தும் மேடம் அதை ஐந்து நகல் எடுத்தார், எல்லோருக்கும் லட்டு கொடுத்தார், அடுத்த வாரமே இரண்டு ஆசிரியைகளைப் புதிதாகச் சேர்த்தார். பிள்ளைகளை ஏற்றிவர இன்னொரு வேனும் பேசி முடித்தார். பணம் வந்தது அடுத்த ஆண்டு மே மாதம். நடுவில் இருந்த பதினோரு மாதத்தில் அவர் கையில் இருந்த வளையல்கள் அடகுக்குப் போயின. அதற்கப்புறம் நடந்ததைப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் அடகைவிட அது பெரிய தவறு.

அரசு மானியம் நின்றதாலேயே மூடிய நிறுவனங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மானியம் தாமதமான மாதங்களில் பதற்றத்தில் எடுத்த முடிவுகளால் மூடியவைதான் அதிகம். அந்த முடிவுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆணையைப் பணமாக எண்ணுவது

ஆணை கையெழுத்தாவதற்கும் பணம் வங்கியில் விழுவதற்கும் நடுவில் பல படிகள் உண்டு. துறைக்கு நிதி ஒதுக்கீடு வரவேண்டும், மாவட்ட அலுவலகத்தின் ஆய்வறிக்கை போயிருக்க வேண்டும், அரசுப் பணம் வழங்கப்படும் இணையத் தளமான பிஎஃப்எம்எஸ்ஸில் உங்கள் வங்கிக் கணக்கு சரியாக இணைந்திருக்க வேண்டும், போன வருட மானியத்துக்கான யூசி, அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ், ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இதில் எது சிக்கினாலும் பணம் நிற்கும்.

நான் எல்லா இடத்திலும் போடச் சொல்வது ஒரே ஒரு தாள். அதில் மூன்று கட்டம்: கையில் இருக்கும் பணம், எழுத்தில் இருக்கும் பணம், வாய்ப்பேச்சில் இருக்கும் பணம். ஆணை இரண்டாவது கட்டத்தைச் சேர்ந்தது. "கண்டிப்பா இந்த மாசம் வந்துடும்மா" என்று அலுவலகத்தில் சொன்னது மூன்றாவது. சம்பளம், வாடகை, பிள்ளைகளின் சாப்பாடு மூன்றையும் முதல் கட்டத்தை வைத்து மட்டும் திட்டமிடுங்கள். புது ஆள் சேர்ப்பது, வேன் எடுப்பது எல்லாம் பணம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தாமதத்தில் நம் பங்கும் இருக்கிறது. மத்திய அரசு மானியத்துக்கான யூசியை, அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் தரவேண்டும். ஆடிட்டர் கையெழுத்துக்காக அதை ஆகஸ்ட் வரை மேசையில் வைத்திருந்துவிட்டு, அரசு பணம் தரவில்லை என்று வருந்துகிற நிறுவனங்கள் உண்டு. தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில், காலமான டிரஸ்டியின் பெயர் இன்னும் தலைவராகவே இருக்கும். இவற்றைச் சரிசெய்ய ஒருநாள் போதும். செய்யாமல் விட்டால் ஒரு தவணையே போகும்.

எஃப்சி (வெளிநாட்டு நன்கொடை) கணக்கிலிருந்து கைமாற்று

இப்போது அந்தப் பள்ளிக்கு வருகிறேன். அடகுப் பணமும் தீர்ந்ததும் ஒரு நாள் மாலை மேடம் போன் செய்தார். "எஃப்சி அக்கவுண்ட்ல நாலு லட்சம் கிடக்குது சார். கைமாத்துதானே, மானியம் வந்ததும் திருப்பிப் போட்டுடலாம்." அவர் கேட்டபோது பாதித் தொகை ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மூன்று மாதமாகச் சம்பளம் வாங்காத ஆசிரியைகளின் முகத்தைத் தினமும் பார்ப்பவர் அவர். நோக்கத்தில் துளியும் குறை கிடையாது. ஆனால் சட்டம் நோக்கத்தைப் பார்ப்பதில்லை.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி (எஃப்சிஆர்ஏ) அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு, தனிப் பேரேடு. உள்ளூர்ப் பணம் அதில் கலக்கக்கூடாது. அந்தப் பணமும் எதற்காக வந்ததோ அதைத் தவிர வேறு எதற்கும், கடனாகக்கூட, போகக்கூடாது. திருப்பிப் போட்டாலும் வங்கி அறிக்கையில் இரண்டு வரிகள் நிற்கும்: போனது ஒன்று, வந்தது ஒன்று. எஃப்சிஆர்ஏ பதிவைப் புதுப்பிக்கும்போது கேள்வி அங்கேதான் தொடங்கும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பிடி இன்னும் இறுகிவிட்டது. நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமானது. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுப்பது அடியோடு தடைசெய்யப்பட்டது. டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் பணம் வந்து விழவேண்டும் என்றானது. பெரிய நிறுவனத்திடமிருந்து பங்கு வாங்கி ஓடிக்கொண்டிருந்த கிராமத்துச் சின்ன அமைப்புகளுக்கு அந்த ஒரு தடையே பெரிய அடி.

அவசரத்தில் எடுக்க ஒரு பணம் வேண்டும்தான். அது டிரஸ்டிகள் எழுத்தில் கொடுக்கும் வட்டியில்லாக் கடனாக இருக்கட்டும், தீர்மானம் போட்டு, வங்கி வழியாக. ரொக்கம் வேண்டாம்.

இதே வரிசையில் இன்னொன்று, பிஎஃப். ஊழியர் சம்பளத்திலிருந்து பிடித்த தொகையைக் கட்டாமல் அந்த மாத வாடகைக்குத் திருப்பிவிடுவார்கள். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டிய பணம் அது. தவறினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். எல்லாவற்றுக்கும் மேலாக அது ஊழியரின் பணம். அதைத் தொடவே கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தேதியை நினைவில் வைத்துக்கொள்வது

நினைவில் வைக்காதீர்கள், சுவரில் ஒட்டுங்கள். 2022 ஜனவரி 1 அன்று நாட்டில் ஏறத்தாழ 6,000 நிறுவனங்களின் எஃப்சிஆர்ஏ பதிவு ஒரே நாளில் செல்லாமல் போனது. மறுக்கப்பட்டவை மிகச் சில. பெரும்பாலானவை புதுப்பிக்க விண்ணப்பிக்கவே இல்லை என்பதுதான் மத்திய உள்துறை சொன்ன காரணம். வேண்டாம் என்று விட்டவர்களும் அதில் இருந்திருப்பார்கள். ஆனால் தேதி தவறிவிட்டது என்று தலையில் கைவைத்தவர்களை எனக்கே தெரியும். பதிவு முடிவதற்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள் என்று 2025 ஏப்ரலில் உள்துறை அறிவித்தது. ஆண்டறிக்கையான எஃப்சி-4க்கு டிசம்பர் 31 கடைசி நாள்.

வருமான வரிப் பக்கமும் அப்படித்தான். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்றிருந்த 12ஏ (டிரஸ்ட்டுக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) பதிவுகள் 2021 முதல் காலவரையறைக்குள் வந்துவிட்டன. இன்றும் 1998இல் வாங்கிய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்து, "எங்ககிட்டதான் 12ஏ இருக்கே" என்பவர்கள் இருக்கிறார்கள். இப்போது செல்லுபடியாகும் பதிவு எண் எது, எந்தத் தேதி வரை என்று இன்றே எடுத்துப் பாருங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஆடிட்டரிடம் புதிய எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

'நம் வேலை நல்ல வேலை, நிறுத்தமாட்டார்கள்'

இந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது. குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண்ணான சைல்டுலைன் 1098ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் மும்பையில் தொடங்கி, நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் இரவு பகலாக நடத்திய சேவை. அதன் வேலையைக் குறை சொன்னவர்கள் குறைவு. ஆனாலும் 2023இல் அது மாநில, மாவட்ட நிர்வாகங்களின் கைக்குப் போனது. ஊர் ஊராக அலைந்து பழகிய பணியாளர்கள் வேலையிழந்தார்கள். 1988இல் தொடங்கிய தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டமும் 2021 ஏப்ரலில் மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவுடன் இணைக்கப்பட்டது. அதன் சிறப்புப் பயிற்சி மையங்களை நடத்தியவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அப்புறம் அந்தச் சமக்ர சிக்ஷாவிலேயே, 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு அந்த ஆண்டில் விடுவிக்கவில்லை. காரணம், மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாதது. வகுப்பறையில் உட்கார்ந்திருந்த எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சண்டையோடு சம்பந்தம் இல்லை. கடல் தாண்டிய பணமும் இதற்கு விலக்கல்ல. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் போட்ட ஒரு கையெழுத்தில், அந்நாட்டின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் நிதியில் நடந்த வேலைகள் உலகெங்கும் நின்றன.

ஆனால் கவனியுங்கள், 1098 விஷயம் ஒரே இரவில் நடக்கவில்லை. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டு நெறிமுறைகள் 2022 ஜூலையிலேயே வந்துவிட்டன. குழந்தைகள் உதவி எண் மாநிலங்களின் பொறுப்பில், 112 அவசர எண்ணோடு சேர்ந்து இயங்கும் என்று அதிலேயே இருந்தது. படித்தவர்களுக்குப் பல மாத அவகாசம் கிடைத்தது. நெறிமுறைகள் ஆங்கிலத்தில், நூறு பக்கத்துக்குக் குறையாமல் வரும், படிக்க அலுப்பாக இருக்கும், தெரியும். ஒருவரை அதற்கென்று வையுங்கள். 'செயல்படுத்தும் முகமை' யார், 'நிதிப் பகிர்வு' எப்படி என்ற இரண்டு பகுதிகளை மட்டுமாவது அவர் படித்து, ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி டிரஸ்டிகளுக்குக் கொடுக்கட்டும்.

டிரஸ்ட்டில் மிச்சம் வைக்கக்கூடாது என்ற பயம்

எங்கே போனாலும் கேட்கிற பேச்சு இது, தவறான பேச்சு. டிரஸ்ட்டின் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட்டால், மீதி 15 சதவீதத்தை வைத்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று படிவம் கொடுத்தால் அதற்கு மேலும் ஐந்தாண்டு வரை சேர்க்கலாம். குறிப்பிட்ட வேலைக்கென்று வந்த மானியத்தில் இப்படி மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால் உள்ளூர் நன்கொடையில் முடியும். மூன்று மாதச் சம்பளம் ஒரு வைப்புத்தொகையாக இருந்தால் நிறுவனம் மூச்சுவிடும்.

பயத்தின் இன்னொரு முகம் மார்ச் கடைசி வாரத்தில் தெரியும். 28ஆம் தேதி பணம் வரும். 31க்குள் செலவு காட்ட வேண்டுமே என்று பழைய தேதியில் வவுச்சர் எழுதத் தொடங்குவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பணம் வந்த தேதியைக் காட்டி, அடுத்த ஆண்டில் செலவிட அனுமதி கேட்டு துறைக்குக் கடிதம் எழுதுங்கள். வருமான வரிக்கும் அடுத்த ஆண்டில் செலவிடுவதாகத் தெரிவிக்கும் படிவம் இருக்கிறது. ஒரு பொய் வவுச்சர் மாட்டினால் முப்பது வருடம் சம்பாதித்த பெயரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஊழியர்களிடம் மறைப்பது

பணம் இல்லை என்று தெரிந்தால் எல்லோரும் போய்விடுவார்கள் என்று மறைப்பார்கள். எப்படியும் தெரிந்துவிடும், அதுவும் அரைகுறையாக. அந்தப் பள்ளியில் ஒன்பதாவது மாதம் மேடம் எல்லோரையும் உட்காரவைத்து, மூன்று கட்டத் தாளை நடுவில் வைத்து, கணக்கை அப்படியே சொன்னார். எஃப்சி பணத்தை எடுத்ததையும் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. புதிதாகச் சேர்ந்த இருவரில் ஒருவர் வேறு வேலைக்குப் போனார், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மூத்த ஆசிரியை ஒருவர், பாதிச் சம்பளம் மாதாமாதம் தவறாமல் வந்தால் போதும், மீதியைப் பாக்கியாக எழுதிவையுங்கள் என்றார். இரண்டாவது வேனை விட்டுவிட்டார்கள். பிள்ளைகளின் பெற்றோர்களும் கடைவீதிக்காரர்களுமாக நாற்பது பேர் மாதம் ஐந்நூறு ரூபாய் தர ஒப்புக்கொண்டார்கள். எஃப்சி கணக்கில் எடுத்ததை ஒரு டிரஸ்டி கொடுத்த கடனால் திருப்பிப் போட்டு, நடந்ததை நடந்தபடி குறிப்பெழுதி, ஆடிட்டரிடம் கொடுத்தோம்.

மே மாதம் மானியம் வந்தபோது முதலில் தீர்ந்தது சம்பளப் பாக்கி. வளையல்கள் ஆகஸ்டில்தான் திரும்பின. அந்த நாற்பது பேரிடம் வாங்குவதை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி ரசீது போகிறது.